புத்தூருக்கு நானே போகிறேன்

குணலட்சுமி,

நேற்று நம் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள்: நீர், நான், கலியாணத் தரகர் பொன்னுத்துரை, பெண்ணின் தகப்பன் புத்தூர்ச் சண்முகலிங்கம், அவருடைய மனைவி. அத்தனை பேருக்கும் முன்னால், "எங்கடை நிருஷன் கனடா விமானப்படையிலை பைலட்" என்று சொன்னீர். சபையில் உம்மைத் தாழ்த்தக்கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதன் பிறகு எனக்கு நித்திரை இல்லை.

நம் மகன் பைலட் இல்லை, பிளைட் எஞ்சினியர். பல வருடம் நிலத்தில் நின்று விமானம் திருத்தியவன், முப்பத்தைந்து வயதில் இளையவர்களோடு இருந்து திரும்பப் படித்தான். ஒருதரம் தவறி, இப்போதுதான் பாஸ் பண்ணியிருக்கிறான். பறக்கும்போது எஞ்சின் அவன் பொறுப்பு. அவனுக்கு இரவல் உத்தியோகம் தேவையில்லை.

புத்தூருக்குப் போய்ச் சண்முகலிங்கத்திடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். "மாப்பிள்ளை பகுதி பெண் வீட்டுக்கு ஏறிப் போறதோ?" என்று கேட்பீர். இன்றைக்குப் போகத்தான் வேண்டும். உம்மோடு நேரில் சண்டை பிடிக்க எனக்கு இனித் தெம்பில்லை, அதனால்தான் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

தேநீர் சுடுதண்ணீர்ப் போத்தலில் இருக்கிறது. கேற் பூட்டின் திறப்பைக் கொண்டுபோகிறேன். நிருஷன் போன் எடுத்தால் இதைச் சொல்ல வேண்டாம், வெட்கப்படுவான். என்னோடு கதைக்காவிட்டாலும் பிரஷர்க் குளிசையைப் போடும்.

தியாகராசா

பொன்னுத்துரைக்கு இப்போதுதான் போனில் சொன்னேன். அதற்குள் அவர் உமது அண்ணையிடம், "தியாகராசர் சம்பந்தத்தைக் குழப்பப் போறார்" என்று சொல்லிவிட்டாராம்; திரும்ப எடுத்து அவரே சொன்னார். அண்ணை கேட்டால் சொல்லும்: நான் குழப்பப் போகவில்லை. பெண் கேட்கப் போகிறேன்.