அப்பா துடைத்த புள்ளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லோரும் சுகம்தானே. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் இத்தனை வருடப் பழக்கம், இந்தத் தடவை அந்த இடத்தில் கை நின்றுவிட்டது, அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா என் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார், நான் இருமினால்கூட புரை ஏறிடுச்சும்மா என்று அவரே உனக்குப் பதில் சொல்லிவிடுகிறார். எழுதப் போகிறேன் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கக் கூடாது என்று சொல்லி அவருடைய போட்டோ ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருக்கிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு. பாதியில் எழுந்து அழ ஆரம்பிக்காதே, உன் சுபாவம் எனக்குத் தெரியும்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் பண்ணி, ஒருவழியாகச் சரியாகிவிட்டது. மாடி வீட்டு ரேடியோ மாமா காது கேட்கிற கருவி வாங்கிவிட்டார், அதனால் நம் தெருவே கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. சரி, சுற்றி வளைத்தது போதும். அப்பா உனக்கு அனுப்பினாரே என் நெஞ்சுப் படம், உன் சிநேகிதி டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னாளே, அது ஆஸ்பத்திரியில் எடுத்த படம் அப்படியே இல்லை. என் வலது பக்க நுரையீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. உனக்கு அனுப்புவதற்கு முன்னால் அதை உன் அப்பா துடைத்துவிட்டார்.

எப்படித் துடைத்தார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, வழி செய்து கொடுத்தவளே நீதான். நீ கிளம்புவதற்கு முன்னால் இந்தக் கம்ப்யூட்டரில் படம் பார்க்கிற, திருத்துகிற மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாய், இலவசம் என்று சொன்னதும் அவர் மூஞ்சியைச் சுளித்தார், ஓசியில குடுக்கிறவன் சும்மா குடுப்பானா, எதையாவது பிடுங்கிக்குவான் என்றார். இப்போது அதற்குப் பெயரே ஓசிதான். ஓசியைத் திற, ஓசியில் போட்டுப் பார் என்று வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது மாதிரி கூப்பிடுகிறார். ஸ்டூடியோ மெஷினில் திறக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற படங்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து இதில் வேறு வகைக்கு மாற்றி எடுத்துப் போகிறார். காசு வாங்காமல் இவ்வளவு வேலை செய்கிற ஜீவன் இந்த வீட்டில் உனக்கு அப்புறம் இதுதான்டி என்று என்னிடமே சொல்லிச் சிரிப்பார். நானும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன், படத்தைப் பெரிசாக்குவது, வேறு பெயரில் சேமிப்பது, இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எல்லாம் வரும். அந்தக் கடைசி வித்தைதான் கை கொடுத்தது.

இருமல் நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனதும், ஸ்கேன் எடுத்ததும் உனக்குத் தெரியும். டாக்டர் ஒரு புள்ளி இருக்கும்மா, என்னவென்று இப்பவே சொல்ல முடியாது, ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று தேதி கொடுத்தார். ஊசி என்றதும் உன் அப்பாவுக்கு, நெஞ்சுல குத்துறதுக்கு முன்னாடி நம்ம பிள்ளையோட சிநேகிதி ஒரு தடவை பார்க்கட்டும் என்று பிடிவாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்க் வேறு எதிலும் திறக்கவில்லை, ஓசிதான் திறந்தது. அதிலிருந்து ஒரு படத்தைச் சாதாரணப் படமாக மாற்றி உனக்கு அனுப்பினார். உன் சிநேகிதி நல்லவள், இந்தப் படத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் டிஸ்க் முழுசாகப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னாளாம். நீ அதை அப்படியேதான் அப்பாவிடம் சொன்னாயாம். அவர் என்னிடம் வந்தபோது முதல் பாதி மட்டும்தான் வந்தது. டிஸ்க் ரொம்பப் பெரிசு, போகாது என்று உன்னிடம் சொல்லிவிட்டு, என்னிடம் ஒண்ணுமே இல்லையாம்டி என்று சின்னப் பையன் மாதிரி குதித்தார்.

அன்றைக்கு நீ அவரைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் படத்தை ஸ்டூடியோவில் பெரிசாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்து ரேடியோ மாமாவிடம் காட்டினார், மருந்துக் கடைக்காரரிடம் காட்டினார், எந்த மனுஷனாவது பெண்டாட்டி நுரையீரலைத் தெருவில் காட்டிக்கொண்டு திரிவானா. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நீயும் எடுத்திருந்த லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். நான்தான் எதற்கு வீண் அலைச்சல், வராதே என்றேன். அதற்கு நடுவில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஊசி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் தேதி எழுதுகிற பெண் மதியம் நான் வேலை பார்க்கிற கம்பெனிக்கே கூப்பிட்டு, டாக்டர் உங்களைக் கேக்கச் சொன்னாரும்மா, ஏன் வேண்டாம்னுட்டீங்க, பயமா இருக்கா என்றாள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் இருந்த பிரிண்டையும் எடுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டேன். டாக்டரிடம், வெளியூரில் ஒருவர் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார் சார் என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். அவர் பிரிண்டை வாங்கித் தன் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். விலா எலும்பு ஒண்ணொண்ணும் அப்படியே இருக்கு, பேரு நம்பர் கூட அதேதான், புள்ளியை மட்டும் காணோமே, இது எங்கே போட்டதும்மா என்று கேட்டார். நான் அதைத் திருப்பி வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தேன்.

நான் வேலை பார்ப்பது துணி செக்கிங் மேஜையில் என்பதை மறந்துவிடாதே. தைத்து வருகிற சட்டையை விளக்குக்கு நேரே விரித்துப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. கிழிசலை இழை எடுத்து எவ்வளவு நைசாக அடைத்தாலும் அடைத்த இடம் மட்டும் கொஞ்சம் அதிகமாக ஒழுங்காக இருக்கும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் படமும் அப்படித்தான் இருந்தது. யார் கை என்பதும் தெரிந்துவிட்டது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் முகத்தில் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு எது இருந்தாலும் பக்கத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்து மேலே அப்பி, கேட்காமலேயே சுத்தம் பண்ணிக் கொடுக்கிற மனுஷன். பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன்.

அவர் வருவதற்குள் டிஸ்க்கைப் போட்டு ஓசியைத் திறந்து ஒரு பக்கம் அசல் படம், இன்னொரு பக்கம் உனக்கு அனுப்பிய படம் என்று வைத்துவிட்டேன். டிஸ்க்கில் இருப்பதை யாரும் அழிக்க முடியாது, அது ஒன்றுதான் புண்ணியம். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே திரையைப் பார்த்துவிட்டார். நான் திட்டினேன், நிறையத் திட்டினேன், அதையெல்லாம் எழுதினால் உனக்கு நல்லதில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார், சும்மா அது இல்லாம எப்படி இருக்கும்னு பார்க்கத்தான் கை வச்சேன். போனதும் நல்லா இருந்துச்சு. அப்புறம் மறுபடி அதோட பார்க்க முடியலை. பிள்ளை அங்க தனியா உக்காந்து அதைப் பார்க்குமேன்னு இதையே அனுப்பிட்டேன் என்றார். சரி, அனுப்பினீங்க, ஊசியை எதுக்கு வேண்டாம்னீங்க என்று கேட்டேன். பிள்ளையோட சிநேகிதி ஒண்ணுமில்லைன்னதும் நிஜமாவே ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சு எனக்கு, நான் துடைச்சதே மறந்துபோச்சு என்றார். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். உன் அப்பாவைத் தெரியும் என்பதால் நம்பினேன். தானே அழித்து, தானே உனக்கு அனுப்பி, உன் வாயிலிருந்து திரும்பி வந்ததும் தானே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுவிட்டார். அப்புறம் அவர் அழுதார். உன் கல்யாணத்தில்கூட அழாத மனுஷன்.

அடுத்த நாள் வேறு ஒரு காரியம் செய்தேன். உனக்கு அனுப்ப என்னை ஒரு படம் எடுங்கள், ஆனால் எடுத்தபடியே இருக்க வேண்டும் என்றேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து எடுத்தார். ஓசியில் திறந்ததும் அவர் கை தானாகத் தாடை மச்சத்துக்குப் போனது, நான் பட்டென்று ஒரு அடி வைத்தேன். கண்ணுக்குக் கீழ மட்டுமாவது லேசா என்று கெஞ்சினார். ஒன்றும் கூடாது என்றேன். கையைக் கட்டிக்கொண்டு அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பக்கத்திலேயே நான் நிற்கிறேன், என்னைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார். இவ்வளவு இளைச்சிட்டியா நீ என்று கேட்டார். பிறகு எழுந்துபோய் அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நான்தான் வேண்டாம்னு சொன்னவன், தப்பு என்னோடது, என் சம்சாரத்துக்கு மறுபடி தேதி வேணும் என்று கேட்டார். வரும் மாதம் முதல் புதன்கிழமை கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தோடு டிஸ்க்கில் இருப்பதை முழுசாகச் சுருக்கி அனுப்பியிருக்கிறேன், போகாது என்று சொன்னதெல்லாம் சும்மா, நன்றாகவே போகிறது. அதிலிருந்து ஒரு படத்தை மட்டும் நானே சாதாரணப் படமாக மாற்றி, புள்ளி இருக்கிற இடத்தில் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறேன், மேஜையில் ஒட்டுகிற மாதிரியே. உன் சிநேகிதியிடம் இரண்டையும் காட்டு, முதலில் ஏமாற்றியதற்கு நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அப்பாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. கேட்க வேண்டியதை நான் கேட்டாயிற்று, அதற்கு மேல் அவர் தாங்க மாட்டார். அவர் உன் குரலுக்காகத்தான் இப்போது ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜன்னலோரப் படமும் கூடவே இருக்கிறது. நீ போனதிலிருந்து மாதாமாதம் அவர் அனுப்பின படங்களில் நீ பார்த்துக்கொண்டிருந்த அம்மா உன் அப்பா சுத்தம் பண்ணின அம்மா. இதில் இருப்பதுதான் நான். முதலில் கொஞ்சம் திக்கென்று இருக்கும், மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார். அந்தப் புள்ளி ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறதுடி. பகலில் கம்பெனியில் தெரிவதில்லை, வீட்டுக்கு வந்து விளக்கைப் போடும்போது தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் எதற்கு அலைச்சல், வராதே என்று சொல்கிறவள் நான்தான். இந்தத் தடவை சொல்லவில்லை. வேண்டாம் என்று விட்ட லீவை மறுபடி கேள். முதல் புதன்கிழமைக்கு முன்னால் வா.

குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் போட்டதும் எந்த நேரமானாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா

அனுப்புவதற்கு முன்னால் அப்பாவைப் படிக்கச் சொன்னேன். வேண்டாதது எதுவும் இருந்தால் எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். ஒரு விரலால் அவர் தட்டியது கீழே.

படிச்சேன். எதையும் எடுக்கலை. அப்பா.