எழுபதுக்குக் கீழே

டிசம்பர் 1, திங்கள்

எடை 75.2. மருந்துக்கடை மெஷினில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாலும் அதேதான்.

போன வாரம் புதுச்சேரி டாக்டர் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். ரத்தம் பொருந்துகிறது, எல்லா டெஸ்டும் சரி, தம்பி பிரவீனுக்கு நான் கிட்னி கொடுக்கலாம். ஆனால் இந்த உடம்போடு ஆப்பரேஷன் செய்ய மாட்டார்களாம். ஜனவரி 20-ந்தேதி எழுபதுக்குக் கீழே இருக்க வேண்டும். "தம்பியைக் காப்பாத்தப் போயி உங்களைப் பேஷண்ட் ஆக்க முடியாதும்மா" என்றார். நல்ல மனிதர்தான், இருந்தாலும் கோபம் வந்தது. தேதியைப் பார்! கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், மூன்றும் நடுவில்.

பிரவீனுக்கு முப்பத்தெட்டு வயது. வாரத்தில் மூன்று நாள் விழுப்புரத்தில் டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடக்கிறான்.

டிசம்பர் 3, புதன்

சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் போடும் முன் நான்தான் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என்னுடைய ஒரு ஸ்பூன் இத்தனை வருஷமாக ஒரு தட்டாக இருந்திருக்கிறது. இன்று நிஜமாகவே ஒரு ஸ்பூன்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கோவிந்தம்மா அக்கா அவித்த மல்லாட்டையோடு வந்தார். கடலை வேண்டாம் என்றேன். "ஏன்டி மேரி, மூஞ்சி வாடிக்கினு கெடக்குது, துன்னுடி" என்று விடவில்லை. கிட்னி விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது என்று பிரவீன் சத்தியம் வாங்கியிருக்கிறான். ஊர் தன்னைப் பரிதாபமாகப் பார்க்குமாம். என்ன சொல்வது? "இது திருவருகைக்காலம்க்கா. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒறுத்தல்ல இருக்கேன்" என்றேன்.

அவ்வளவுதான், தட்டை எடுத்துக்கொண்டார். மேல்மலையனூர் அம்மனுக்கு அமாவாசை விரதம் இருக்கிறவர் அவர். "வெரதம்னா வெரதம்தான். நான் தெரியாம நீட்டிட்டேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

73.4. என் ஒறுத்தல் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கேரல் பாட வந்த கோயில் அன்பியக் குழுக்காரர்கள்கூட எனக்கு நீட்டிய கேக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். பொய் இவ்வளவு வசதியானது என்று தெரியாமல் நாற்பத்தாறு வயது வரை உண்மையே பேசிவிட்டேன்.

டிசம்பர் 20, சனி

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது அந்தப் பொய்யையும் காரணத்தையும் சொன்னேன். சாமியார் பத்து அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். பொய்க்கா, பிரவீனுக்கா என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 24, புதன்

71.3!

டிசம்பர் 25, வியாழன்

மடச்சி. நான் ஒரு மடச்சி.

பாலன் பிறந்தாயிற்று, ஒறுத்தல் முடிந்தது. இது என்னைவிடத் தெருவுக்கு நன்றாகத் தெரிகிறது. ஒரு மாதமாக எனக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்ததையெல்லாம் இன்று ஒரே நாளில் கொண்டுவந்துவிட்டார்கள். காலை பத்து மணிக்குள் பதினோரு தட்டு. கேக், கல்கல், அதிரசம், முறுக்கு. கோவிந்தம்மா அக்கா கேசரியோடு வந்து, "ஒரு மாசமா வாயக் கட்டிக்கினு இருந்தியே, என் கண்ணு முன்னால துன்னு" என்று தன் கையாலேயே ஊட்டிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எப்படித் துப்புவது? நான் சொன்ன தேதிக்குத்தானே வந்திருக்கிறார்கள்.

மத்தியானம் பிரவீனும் அவன் மனைவி பிரின்சியும் வந்தார்கள். அவனுக்குக் கால் வீங்கியிருந்தது. பிரியாணியில் பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தான். மறுபடி வைத்தான். கேக்கும் வைத்தான். "இன்னிக்காச்சும் நல்லா சாப்புடுக்கா."

எதுக்கு வைக்கிறான்னு அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வைக்கிறான். நான் தோத்துப்போனா எனக்கு ஆப்பரேஷன் இல்ல. அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது. அவன் எப்படிப் போனாலும் பரவாயில்லையாம். பாவி, பாவி. சாப்பிட்டுட்டேன். அவன் மூஞ்சியைப் பார்த்துக்கினே சாப்பிட்டுட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

72.9

டிசம்பர் 31, புதன்

73.1. டப்பாக்களில் பலகாரம் குறைந்துகொண்டே வருகிறது. நான் தொடவில்லை. பார்த்தால் என் வீட்டுக்காரர் மரியஅந்தோணி, என் கண்ணில் படக் கூடாது என்று மாடிக்குக் கொண்டுபோய் அதிரசத்தைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறார். மெஷினில் ஏற்றிப் பார்த்தேன், மூன்று கிலோ கூடியிருக்கிறார். நான் குறைத்ததெல்லாம் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறது.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு கிட்னிய வச்சிக்கினு நீ நல்லா இருப்பியா மேரி?" என்று கேட்டார். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. இருப்பேன் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 2, வெள்ளி

சத்தியத்தை மீறிவிட்டேன். பொங்கலுக்கு இன்னும் பதிமூன்று நாள்தான், இன்னொரு கிறிஸ்துமஸை என் உடம்பு தாங்காது. கோவிந்தம்மா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம்தான் திட்டு ஆரம்பித்தது. "இதுக்குப் போயி சாமி பேர்ல பொய் சொன்னியாடி? அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தக் கேசரிய ஊட்டியிருப்பேனா? நெய்ய வேற அள்ளி ஊத்திக்கினு வந்தேன்டி!"

ஜனவரி 3, சனி

காலை ஐந்தரைக்கு வாசலில் கோவிந்தம்மா அக்கா. புடவையைத் தூக்கிச் செருகி, மகன் மணிமாறனுடைய ஷூவைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். "ஜல்தியா வாடி." ஏரிக்கரையில் என்னை ஓட ஓட விரட்டினார்.

ஜனவரி 11, ஞாயிறு

71.0. முட்டி வலி. அக்காவுக்கும்தான். சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அக்கா வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வரவில்லை. அவர் நிலத்து அவரைக்காயும் பச்சை மொச்சையும் உப்பு மட்டும் போட்டு அவித்து வந்தது. மற்ற வீட்டுத் தட்டுகளை எங்கள் கேட்டிலேயே நின்று திருப்பி அனுப்பினார். எனக்கு வயிற்றில் புண்ணாம், இனிப்பு ஆகாதாம். நான் சொன்னதைவிட நன்றாகப் பொய் சொல்கிறார்.

ஜனவரி 20, செவ்வாய்

69.6. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிரவீன் திண்டிவனம் வரும்வரை பஸ்ஸில் என் கைப்பையைத் தன் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

ஆப்பரேஷன் முடிந்து இது மூன்றாம் நாள். இருமினால் உயிர் போகிறது. மற்றபடி எழுத முடிகிறது.

காலையில் பிரின்சி ஓடிவந்தாள். "அண்ணி, ஒண்ணுக்குப் போறாரு! நிக்காம போறாரு! பை ரொம்பி ரொம்பி நர்ஸம்மா மாத்திக்கினே இருக்காங்க!" ஒரு வருஷமாக அவனுக்கு ஒரு சொட்டு இறங்கியதில்லை. நேற்று மட்டும் நாலு லிட்டராம். இந்தச் சேதிக்கு நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

நான் அவனை நேரில் பார்க்க இன்னும் இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரை நான் தாங்க மாட்டேன் என்று பிரின்சி நர்ஸிடம் கெஞ்சிப் போனில் போட்டோ எடுத்து வந்திருக்கிறாள். அவன் முகம் இல்லை, கட்டிலில் தொங்கும் மஞ்சள் பை மட்டும். யாருக்கும் அனுப்பாதே, அசிங்கம் என்று சொன்னேன்.

எனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். இதோடு ஆறாவது தடவை பார்க்கிறேன்.