ஏரியைச் சுற்றும் பஸ்

மார்ச் 3, திங்கள்

இன்று மூன்று டிரைவர்கள் டூட்டிக்கு வரவில்லை. ஒருவருக்கு வயிற்றுவலி. ஒருவருக்கு மச்சினன் வீட்டு விசேஷம். மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை. எனக்கு அவரைத்தான் பிடித்தது, பொய்யாவது சொல்லாமல் இருந்தாரே. அப்படியும் டிப்போவிலிருந்து ஒரு பஸ் குறையாமல் கிளம்பியது. டூட்டி போடுகிறவளை யார் பாராட்டப் போகிறார்கள்? நானே பாராட்டிக்கொண்டு டீ குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால், இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் காத்திருக்கிறார். மே மாதம் நான்கு நாள், நான்கு பேரும், மலையடிவார ஏரிக்கு. லிஃப்ட் கம்பெனியில் லீவு கேட்டு வாங்கியாகிவிட்டதாம். "வருஷம் பூரா லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேன். நாலு நாள் தண்ணியையும் வானத்தையும் பாத்துக்கிட்டு தூண்டில் போடணும். அவ்வளவுதான்."

எங்கள் வீட்டில் எது 'அவ்வளவுதான்' என்று முடிந்திருக்கிறது? ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் சேர்ந்து எங்கேயும் போனதே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனாரிடம் சொன்னோம். பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், மாடி அறையில் இருக்கிறார். ஏரி என்று சொன்னதும் வரைபடத்தை எடுத்து மேஜை நிறைய விரித்துவிட்டார். ஏரிக்கு மேலே ஒரு கோட்டை இருக்கிறதாம், அதற்கு அந்தப் பக்கம் ஒரு குகை, அதையும் தாண்டி அருவி.

"வாழ்க்கை பூரா போர்டுல மலை வரைஞ்சிட்டேன்டா. ஒண்ணு மேலயாவது ஏறி நிக்கணும். நீ மீன் பிடிக்கிறதைப் பாக்க நான் எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்?"

"அப்ப நீ கோட்டைக்குப் போ, நான் ஏரிக்குப் போறேன்."

"கார் ஒண்ணுதானே இருக்கு? ஓட்டுறவன் நீ ஒருத்தன்தானே?"

அக்காவும் தம்பியும் இந்த வயதிலும் எலியும் பூனையும்தான். கடைசியில் நாத்தனார் படத்தை மடித்துக்கொண்டு, "நான் வரல. நீங்க போயிட்டு வாங்க" என்று மாடிக்குப் போய்விட்டார். இவரோ தூண்டில் முள்ளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மகள் என்னைப் பார்த்தாள். எல்லோரும் கடைசியில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

நாத்தனார் கீழே சாப்பிட வரவில்லை. தட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். "நான் கோபமா இல்ல, பசிக்கல" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

மார்ச் 14, வெள்ளி

இவர் மொட்டை மாடியில் தூண்டில் வீசிப் பழகுகிறார். முதல் வீச்சிலேயே மாட்டியது பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வை. அந்த வீட்டு அம்மா இறங்கி வந்து, "நல்ல பெரிய மீனுதான் போல" என்றார். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. மாடி அறை ஜன்னலில் நாத்தனார் சிரிக்கிற சத்தம் கேட்டது. கோபம் பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

மார்ச் 16, ஞாயிறு

சண்டைக்கு மருந்து என் கையில்தான் இருக்கிறது என்று இன்று தோன்றியது. எழுபது டிரைவர்களுக்கு டூட்டி போடுகிறவளுக்கு நான்கு பேர் ஒரு பொருட்டா?

உட்கார்ந்து டூட்டி சார்ட் போட்டேன். மீன் கடிக்கிறது விடியற்காலையும் சாயங்காலமும். கோட்டை திறப்பது வெயில் ஏறிய பிறகு. ஆக, விடியலில் இவரும் மகளும் ஏரிக்கரை. பிறகு இவர் காரை எடுத்து நாத்தனாரையும் மகளையும் கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டியது. மத்தியானம் சாப்பாடு, ஓய்வு. சாயங்காலம் மறுபடி ஏரி, நாத்தனாருக்குக் கரையோரம் நடை. மறுநாள் குகை. அதற்கடுத்த நாள் அருவி. எங்கேயும் மோதவில்லை. எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "இதுக்குத்தான் உன்னைக் கட்டிக்கிட்டு வந்தான் என் தம்பி" என்றார். வருகிறாராம்! இவரும் தலையாட்டினார். சமாதானம்.

மார்ச் 17, திங்கள்

சமாதானத்தில் வக்கீல் புகுந்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் மகளுக்கு வீட்டில் அந்தப் பெயர். சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, உன் கட்டத்துல நாலு நாளும் ஸ்பேர்னு இருக்கு."

"ஆமா. அத்தைக்குக் கால் வலிச்சா நான் கூட இருப்பேன். உனக்குத் தூக்கம் வந்தா அப்பாகூட நான் கரைக்குப் போவேன். யாராவது வரலேன்னா ஆள் வேணும்ல?"

"எல்லாரும் வந்துட்டா?"

"ரூம்ல இருப்பேன்."

"அதுக்குப் பேரு லீவா? உனக்கு என்னம்மா வேணும்?"

போய்ப் படி என்று விரட்டிவிட்டேன். இதை எழுதும்போதும் கோபம் போகவில்லை. எனக்கு என்ன வேணுமாம்! கேக்கறா பாரு. எல்லாரும் ஒழுங்கா போயிட்டு வந்தா போதாதா? அதைவிட என்ன வேணும்? — சரி, என்னதான் வேணும்?

தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, உண்மையிலேயே தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

டிப்போவில் ஸ்பேர் டூட்டி என்றால் யாருக்கும் ஆகாது. சீருடை போட்டுக்கொண்டு ஓய்வறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது வராமல் போனால்தான் ஸ்டீயரிங் கைக்கு வரும். இன்று ஸ்பேரில் இருந்தது காரணம் சொல்லாத அந்த டிரைவர்தான்.

"சும்மா உக்காந்திருக்கிற டூட்டிதானே, அதுக்கு ஏன் எல்லாரும் மூஞ்சியைத் தூக்குறீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா இல்லையே மேடம். வாசலைப் பாத்துக்கிட்டே இருக்கணும். பொழுது போற வரைக்கும் வேலையும் இல்ல, ரெஸ்ட்டும் இல்ல. இதுக்கு ஏழாம் நம்பரை நாலு ட்ரிப் ஓட்டிடலாம்."

"ஏழாம் நம்பர்ல அப்படி என்ன?"

"கடைசி ஸ்டாப்பு மேடம்! ஆத்தங்கரை. பெரிய மரம், தண்ணிக்கு இறங்குற படிக்கட்டு. வண்டியை நிறுத்திட்டு பத்து நிமிஷம் காலை நனைச்சிட்டு வருவேன். நீங்க பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. ஏழாம் நம்பர் எப்போது கிளம்பும், எப்போது திரும்பும், எந்த மேட்டில் மூச்சு வாங்கும், எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இத்தனை வருஷமாக நான்தான் அதை அனுப்புகிறேன். அது போய்ச் சேருகிற இடத்தில் ஒரு மரம் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும். வீட்டிலிருந்து டிப்போ நடக்கிற தூரம். நான் பஸ்ஸில் ஏறியே எத்தனை காலமாயிற்று?

மார்ச் 23, ஞாயிறு

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "ஏரிக்குப் போற இடத்துல எனக்கு பஸ்ஸுல போகணும். ஜன்னல் சீட்டு. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, அதே பஸ்ஸுல திரும்பி வரணும். தனியா."

நாத்தனாருக்குப் புரையேறிவிட்டது. "நாள் பூரா பஸ்ஸோட மல்லுக்கட்டிட்டு லீவுலயும் பஸ்ஸா? நல்லா இருக்கும்மா உன் ஆசை!" வக்கீலும் சிரித்தாள். நானும் கூடச் சிரித்து வைத்தேன். ஆனால் சுருக்கென்றது. கேட்டதே ஒன்று, அதுவும் சிரிப்பாகிவிட்டது.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 25, செவ்வாய்

நாங்கள் தங்கப் போகிற விடுதிக்கு இவர் போன் செய்திருக்கிறார், பஸ் விவரம் கேட்க. ஏரியைச் சுற்றி மஞ்சள் பஸ் ஒன்று ஓடுகிறதாம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மலை. "தண்ணி உனக்கு இடது பக்கம் வரும். டிரைவருக்குப் பின்னாடி உக்காராத, மறைக்கும்" என்றார்.

மனுஷன் இதை எப்போது யோசித்தார்? சார்ட்டில் மூன்றாம் நாள் என் கட்டத்தில் ஸ்பேரை அடித்துவிட்டு 'பஸ்' என்று எழுதினேன். அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினேன்.

ஏப்ரல் 2, புதன்

மேனேஜரிடம் லீவு. "நீங்க இல்லாம டிப்போ ஓடாதேம்மா" என்றார். இத்தனை வருஷமாக இதைக் கேட்டு உச்சி குளிர்ந்து திரும்பி வந்திருக்கிறேன். இன்று திரும்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் காகிதங்களைப் புரட்டினார். பிறகு, "சரி போங்க. டூட்டியை நானே போட்டுக்கறேன். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?" என்றார்.

ஒன்றும் இல்லை சார் என்றேன். அவருக்குத் தெரியவேண்டியது அவருக்கே தெரியட்டும்.

மே 8, வியாழன்

வந்து சேர்ந்தோம். ஜன்னலைத் திறந்தால் ஏரி. இவர் பெட்டியைக்கூட இறக்காமல் தூண்டிலோடு ஓடிவிட்டார். நாத்தனார் கோட்டையைப் பார்த்து, "படத்துல இவ்வளவு செங்குத்தா தெரியலையே" என்றார்.

மே 9, வெள்ளி

என் சார்ட் காற்றில் பறந்துவிட்டது. விடியலில் மழை. கோட்டைக்குப் போகிற பாதை வழுக்கும் என்று மூடிவிட்டார்கள். மீன் ஒன்றும் கடிக்கவில்லை. மழை விட்ட பிறகு நாத்தனார் பாதி மலை மட்டும் ஏறி, ஒரு பாறைமேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, எந்தப் பக்கம் நீர் ஓடி எங்கே சேரும் என்று வக்கீலுக்குப் பாடம் எடுத்தார். அவளும் குறுக்கே பேசாமல் கேட்டாளாம், அதுவே பெரிய அதிசயம்.

இவர் கரையில் கொக்கு மாதிரி நின்றார். தண்ணீரில் எதுவும் அசையவில்லை. கேட்டால், "மீன் கிடைக்கணும்னு யார் சொன்னா?" என்கிறார். நானும் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். புழுவைக் கோர்ப்பதை மட்டும் பார்க்கவில்லை.

மே 10, சனி

இன்று என் நாள்.

காலையில் நாத்தனாருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பார்த்ததும் என் மனசு ஸ்பேருக்குப் போய்விட்டது. "அண்ணி, நான் இருக்கேன், பஸ் இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்று செருப்பைக் கழற்றிவிட்டேன். அவர் என்னை முறைத்தார். "என் காலு எங்கயும் ஓடிடாது. அன்னிக்குச் சிரிச்சுட்டேன்னு மனசுல வச்சிருக்கியா? கிளம்பு. போய்ட்டு வந்து சொல்லு, நான் படத்துல குறிச்சுக்கறேன்." செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

மஞ்சள் பஸ். இடது பக்கம், முன்னால் இருந்து மூன்றாவது ஜன்னல். கியர் மாற்றும்போது லேசாக இடித்தது, கிளட்ச் தேய்ந்திருக்கும். அதோடு எனக்குள் இருக்கிற டிப்போக்காரியை வாயடைத்து உட்கார வைத்தேன். பள்ளிக்கூடம், மரக்கடை, ஆடுகள், ஒரு சின்னப் பாலம். யார் ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினார். நன்றாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி ஸ்டாப்பில் ஒன்றுமே இல்லை. ஒரு டீக்கடை, ஒரு நாய், நிறைய காற்று. டீ குடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

திரும்பும்போது ஏரி வலது பக்கம் என்பதால் அந்தப் பக்க ஜன்னலுக்கு மாறிக்கொண்டேன். வழியில் ஒரு வளைவு. சாலையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் கரை. அங்கே இவரும் வக்கீலும்! இத்தனை பெரிய ஏரியில் இடமா இல்லை, ரோட்டோரம் வந்து நிற்கிறார்கள். பஸ்ஸைப் பார்த்ததும் இவர் தூண்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். அந்த நேரம் பார்த்துத் தூண்டில் வளைந்தது. சர்ரென்று நழுவித் தண்ணீரை நோக்கிப் போனது.

"ஏங்க! தூண்டில்! தூண்டில்!" என்று ஜன்னலில் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வக்கீல் பாய்ந்து பிடித்துவிட்டாள். மீன் போயே போய்விட்டது.

"வந்ததுலேர்ந்து கடிச்ச ஒரே மீனு" என்றேன் சாயங்காலம், மனசு கேட்காமல்.

"போனாப் போகுது. பஸ் நிக்காதே, மீன் நாளைக்கும் வரும்."

நாத்தனார் படத்தில் என் கடைசி ஸ்டாப்பைப் பென்சிலால் குறித்தார். "நாளைக்கு நானும் வரேன். அந்த பஸ் எத்தனை மணிக்கு?"

"தெரியாது அண்ணி. நான் கேக்கவே இல்ல."

மே 13, செவ்வாய்

என்னைப் பார்த்ததும் மேனேஜர் எழுந்து, என் நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். மேஜையில் கிடந்த டூட்டி சார்ட்டில் அடித்துத் திருத்தாத கட்டம் ஒன்றுகூட இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் இவர் தூண்டில் பையோடு வாசலில் நின்றார். "எங்கே?" என்றேன். "ஏழாம் நம்பர்ல. வர்றியா?"

அடுப்பை அணைத்துவிட்டு, அப்படியே கிளம்பினேன். பஸ்ஸில் ஏறினால், ஸ்டீயரிங்கில் காரணம் சொல்லாத டிரைவர். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செக்கிங்கா மேடம்?"

"இல்லப்பா. எனக்கு இன்னிக்கு டூட்டி இல்ல. நீங்க சொன்ன மரத்தைப் பாக்கப் போறேன்."

இவர் எனக்கு ஜன்னல் பக்கம் விட்டார். கண்டக்டர் வந்தார், புதுப் பையன் இல்லை, என்னை நன்றாகத் தெரிந்த பழையவர்தான். தூண்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். இவ்வளவு நீளமான சாமானுக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு. கேட்கத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

"சட்டம் சட்டம்தாங்க, ரெண்டு கடைசி ஸ்டாப், ஒரு லக்கேஜ்" என்றேன். அவர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.