அவளுடைய வீட்டில் நான்

2009 மே 16, சனி

கச்சான் காற்று. காயப்போட்ட சேலையெல்லாம் மணல். மா இடிக்க வேண்டும். மண்ணெண்ணெய். இவருடைய வலைக்கு நூல்.

தர்சி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது: "அவ இரிக்கிறது என்ட வீட்டில." பத்து வயது. இவருடைய மூத்த தாரத்தின் மகள்.

பொய்யாக இருந்தால் அடித்திருப்பேன். காணி செத்தவளின் சீதனம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடும் அதில்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆக, த.-வுக்கு. நான் வெல்லாவெளியிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்தவள். என் சீதன வீட்டில் ஷெல் விழுந்து கூரையில்லை.

மே 17, ஞாயிறு

வெயில். கரையில் நிற்கும் இவருக்குத் தேத்தண்ணி கொண்டு போகச் சொன்னேன். த. அசையவில்லை. கேட்டேன்: "ஏன், கடல் உன்னையும் கொண்டு போயிருமா?" அந்த 'உம்' வேண்டுமென்றே. அழுகிறாளா என்று பார்த்தேன். இல்லை.

இவரிடம் விசாரித்தேன். சுனாமி முகாமில் இருந்தபோது அத்தைக்காரி சொல்லி வைத்தாளாம், அழுதால் அப்பாவும் போய்விடுவார் என்று. அப்போது ஐந்து வயது. அன்றிலிருந்து ஒரு சொட்டு இல்லை. நல்ல பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்களாம். கேட்டும் என் எரிச்சல் குறையவில்லை.

மே 19, செவ்வாய்

காலை பத்து மணிபோல் சந்தியில் வெடி. சண்டை முடிந்துவிட்டதாம், பட்டாசாம். அது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நான் கட்டிலுக்குக் கீழே, வாயைப் பொத்தியபடி. பங்கருக்குள் அம்மா எங்கள் வாயை அப்படித்தான் பொத்துவாள். சத்தம் வெளியே போகக்கூடாது. இன்றைக்கும் எனக்கு அழுகை வந்தால் குரல் வராது.

த. குனிந்து பார்த்தாள். சிரித்தாள். அவள் சிரித்து இன்றுதான் கேட்டேன். வெளியே வந்து அறைந்தேன். கன்னத்தில் நாலு விரல்.

அவள் அழவில்லை. நானும்.

மே 20, புதன்

மா இடித்தாயிற்று. த.-வின் கன்னம் வீங்கியிருந்தது. என்னவென்று இவர் கேட்டார். கிணற்றடியில் விழுந்ததாகச் சொன்னாள். நான் மாவை அரித்தேன்.

இவர் போன பிறகு, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"அப்பா உங்கள ஏசுவார். நீங்க போயிருவீங்க. பிறகு அப்பாவும் போயிருவார்."

பாசத்தில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்புவிக்கிற குரல்.

போய் முகத்தைக் கழுவு என்றேன். அதுவும் அதட்டலாகத்தான் வந்தது.