கோது இறுகும்வரை

இன்று காலை குசினித் திரைச்சீலைக்குக் கீழே உள்ளங்கை அகலமான அந்த ஹன்ட்ஸ்மன் சிலந்தி கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. என் மனுசி நீர் கண்ணை மூடிய பிறகு இந்த குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் என்னோடு இருந்த உயிர் அது ஒன்றுதான். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு இருக்க மல்கிரேவுக்கு வரச்சொல்லி மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். இனி எனக்கு இங்கே என்ன வேலை என்று கதிரையில் இருந்துவிட்டேன். சிலந்திக்கு அழுத மனுசன் என்று சிரிப்பீர். சிரியும்.

முன்பெல்லாம் "எட்டுக்கால் பூச்சி" என்று நான் மருந்துப் போத்தலைத் தூக்க, நீர் அகப்பையோடு வந்து மறிப்பீர்.

"பூச்சிக்கு ஆறு கால். சிலந்திக்கும் தேளுக்கும் எட்டு. முதல்ல காலை எண்ணுங்கோ, பிறகு பயப்படுங்கோ."

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்த உமக்கு இந்த நாட்டுக்கு வந்து கிடைத்தது குழந்தைகள் காப்பக வேலை. படிப்பிக்க மிஞ்சியவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நண்டு கழுவும்போதும் பாடம் நடக்கும். "மூட்டு வைச்ச கால், துண்டு துண்டாய் உடம்பு, எலும்புக்குப் பதிலாய் வெளியில ஓடு மாதிரிக் கோது. சிலந்தி உங்கடை நண்டுக்கறிக்குத் தூரத்துச் சொந்தம். சொந்தத்துக்கு ஆரும் மருந்தடிப்பினமோ?" அன்றைக்கு எனக்கு நண்டு இறங்கவில்லை. என் பங்கையும் நீரே சாப்பிட்டீர்.

சிலந்தியைக் கடதாசியில் அள்ளியபோது பாரமே இல்லை. முதுகு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கோது. வேலியில் ஒட்டியிருந்த சிக்காடாச் சிள்வண்டின் கோதைக் காட்டி நீர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "கோது வளராது. ஆள் வளர வேணுமெண்டால் அதைக் கழட்டத்தான் வேணும். புதுசு இறுகுமட்டும் மெத்தெண்டு இருக்கும். அப்ப ஆரும் தொடப்படாது."

திரைச்சீலையை மெல்ல விலக்கினேன். அங்கே சிலந்தி உயிரோடு, வெளிறிப்போய், அசையாமல் இருந்தது. எண்ணினேன். எட்டும் சரி.

அந்த நேரம் மகன் போன் எடுத்தான். "அப்பா, வீடு விக்கிற ஏஜென்ட்டோட கதைக்கட்டே?"

"இப்ப வேண்டாம் தம்பி. இன்னும் இறுகேல்லை."

"என்ன இறுகேல்லை?"

உம்மைத் தவிர யாருக்கு விளங்கும்? "பிறகு சொல்லுறன்" என்று போனை வைத்துவிட்டு, "இஞ்சை வந்து பாரும்" என்று பழக்கத்தில் உம்மைக் கூப்பிட்டும் விட்டேன். அறைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

நீர் சொன்னபடி எதைக் கண்டாலும் முதலில் காலைத்தான் எண்ணுகிறேன். இப்போது எனக்குப் பயம் நீர் இல்லாத இந்த வீட்டுக்குத்தான். அதில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.