பேர் சொல்லாமல் நீ விதைத்த கொடி

ஏளா கோமதி,

இப்படிக் கூப்பிட்டால்தான் நீ திரும்பிப் பார்ப்பாய். ‘அன்புள்ள’ என்று ஆரம்பித்தால் பேங்கிலிருந்து வந்த கடுதாசி என்று நினைத்து டிவிக்கு அடியில் செருகிவிடுவாய். இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று இருந்துவிட்டேன். இப்போது வேறு வழி தெரியவில்லை.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கொடி காய்த்துவிட்டது. என்ன கொடி என்று என்னிடம் கேட்காதே. அதை நான்தான் உன்னிடம் கேட்க வேண்டும்.

செம்பூரில் நம் கட்டிடத்து மொட்டைமாடியில் என்னென்னவெல்லாம் வளர்த்தாய்! மார்க்கெட்டில் மீன் வருகிற தெர்மோகோல் பெட்டிகளைக் கெஞ்சி வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, மண் நிரப்பினாய். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, “வீட்டை மீன் இறங்குத சசூன் டாக் ஆக்கிட்டியே” என்று கத்தினேன். நீ காதில் வாங்கவில்லை. ஒரு வருஷம் போட்ட காயை மறுவருஷம் போடமாட்டாய். வெள்ளைப் பாகல், சிறகவரை, உருண்டைக் கத்தரி, கறுப்புத் தக்காளி. சிவப்பு வெண்டைக்காய் போட்ட வருஷம் ஞாபகமிருக்கிறதா? ஊரையே கூட்டிக் காட்டினாய், வாணலியில் போட்டதும் அது சாதாரணப் பச்சையாகிவிட்டது. அன்று முழுக்க நீ யாரோடும் பேசவில்லை. நான் குளியலறைக்குள் போய்ச் சிரித்தேன்.

எனக்கு உருளைக்கிழங்குப் பொரியல் இருந்தால் போதும் என்பது உலகத்துக்கே தெரியும். அதனால்தானே அந்த ஆட்டத்தை ஆரம்பித்தாய்? விதைப் பொட்டலத்தை நான் பார்க்குமுன் கிழித்துப் போட்டுவிடுவாய். பெட்டியில் பேர் எழுதி வை என்றால், “எழுதி வச்சா நீங்க படிச்சிட்டு வந்து சரியாச் சொல்லிருவீய” என்பாய். காய் வந்ததும் உருவம் தெரியாமல் நறுக்கி, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டுக் கூட்டு வைத்து, என் தட்டில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாய். “என்ன காய்னு சொல்லுங்க பாப்போம்.”

நான் “சுரைக்காய்” என்பேன். எதைப் போட்டாலும் சுரைக்காய்தான். நீ மேசையைத் தட்டி, “தப்பு!” என்பாய். அந்த ஒரு வார்த்தையில் அப்படி என்ன சந்தோஷமோ உனக்கு. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பிறகு காயின் பேர், அது எந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவது, யாரிடம் விதை வாங்கினாய் எல்லாம் சொல்லுவாய். நான் பாதி கேட்பேன், பாதி பேப்பர் படிப்பேன். முழுவதும் கேட்டிருக்கலாம்.

இந்த வருஷம் தை முடிகிற நேரத்தில் ஒரு பெட்டியில் ஏதோ ஊன்றிவிட்டு, கை மண்ணைத் தட்டிக்கொண்டே இறங்கி வந்தாய். “இது வரட்டும். இதை மட்டும் ஒங்களால கண்டுபிடிக்கவே முடியாது, கேட்டியளா” என்றாய். கேட்டேன். மாசியில் ஒரு காலையில் நெஞ்சு எரிகிறது, சோடா வாங்கிட்டு வாங்க என்றாய். சோடாவோடு வந்தபோது நீ இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் மாடிக்குப் போனேன். பாதிச் செடி காய்ந்து கிடந்தது. அந்தப் பெட்டியில் மட்டும் ஒரு கொடி கைப்பிடிச் சுவரை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. வட்டமான இலை, தொட்டால் சொரசொரப்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், கோமதி. துணி காயப்போட வந்த யாரோ பார்த்துவிட்டு, வாளியோடு திரும்பி இறங்கிப் போனார்கள்.

அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறவன் நான். சிரிக்காதே.

நம் பெண் செல்வி ஐரோலியிலிருந்து சனிக்கிழமை தோறும் வந்துவிடுகிறாள். ஆபீஸ் வேலையையும் மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறாள். மாடிக்கு வந்து கொடியைப் பார்த்தவள் போனை எடுத்தாள். “அப்பா, இலையைப் போட்டோ எடுத்தாப் போதும். என்ன செடினு ஒரு செகண்ட்ல சொல்லிரும்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடியின்மேல் போட்டு மூடினேன். “போனை உள்ள வைளா! இது எனக்கும் ஒங்கம்மைக்கும் உள்ளது!” என்று கத்தினேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. “எனக்கு மட்டும் அவ அம்மா இல்லையா?” என்றாள். இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்தோம். கடைசியில் அவளே போனைப் பைக்குள் வைத்துவிட்டு, “சரி, நீங்களே கண்டுபிடிங்க. எனக்கும் ஒரு வாய் தரணும்” என்றாள்.

இதற்கிடையில் நம் கட்டிடத்துச் செக்ரட்டரி சாவந்த் வந்தார். மழைக்கு முன்னால் மாடியில் வாட்டர்ப்ரூஃபிங் செய்தாக வேண்டுமாம். “அண்ணா, டெரஸ் காலி கர்னா படேகா” என்று, மாடியைக் காலி செய்தாக வேண்டும் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீ கொடுத்த காய்களைத் தின்ற மனிதர்தானே, அவருக்கும் சங்கடம். மேல் மாடி வீட்டில் சுவரெல்லாம் ஒழுகுகிறது, அதையும் தப்பென்று சொல்ல முடியாது. மற்ற பெட்டிகளைக் கட்டிடத்தில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். கறிவேப்பிலைத் தொட்டியை வாட்ச்மேன் கேட் பக்கம் வைத்துக்கொண்டார். இந்த ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அதைக் கீழே இறக்கிய கதையை நீ பார்த்திருக்க வேண்டும். பெட்டி என் கையில், கொடி செல்வியின் இரண்டு தோளிலும். சப்பரம் இறக்குகிற மாதிரி படிக்குப் படி நின்று, “மெதுவா, மெதுவா” என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வந்தோம். ஒரு கிளை முறிந்தது. மிச்சத்தை அடுக்களை ஜன்னல் கிரில்லில் கட்டினோம். காலை வெயில் அங்கேதான் விழும் என்று நீ அப்பளம் காயவைக்கும்போது சொல்லியிருக்கிறாய்.

கிரில்லில் மஞ்சள் பூவாகப் பூத்தது, எல்லாம் உதிர்ந்தது. அந்த ஜன்னலுக்குத் தேனீ எங்கே வரும்? புறாதான் வரும். காலையில் நீ காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவாயே, பூவுக்குப் பூ தடவ. “கல்யாணத் தரகருக்கு இன்னைக்கு எத்தனை ஜோடி?” என்று கேலி செய்தவன் நான். இப்போது விடிந்ததும் அதே குச்சியோடு நானே நின்றேன். பக்தியாகத் தடவினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. கொடியும் போய்விடுமோ, நீ வைத்த கேள்விக்குப் பதில் தெரியாமலே போய்விடுமோ என்று சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

சனிக்கிழமை செல்வி வந்து பார்த்தாள். பூக்களைத் திருப்பிப் பார்த்தவள், “அப்பா, நீங்க தடவுத ரெண்டும் ஆம்பளைப் பூ!” என்றாள்.

பொம்பளைப் பூவுக்குப் பின்னால் குட்டியாக ஒரு பிஞ்சு இருக்குமாமே. அதை நீ எனக்குச் சொல்லித்தான் இருப்பாய், நான் பேப்பர் படித்திருப்பேன். செல்வி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதற்கும் நீதான் வரவேண்டியிருந்தது.

பிறகு சரியான பூவைத் தேடிச் செய்தேன். இரண்டு பிஞ்சு நின்றது. இளம்பச்சை, மேலே வெள்ளைக் கோடு, உள்ளங்கை நீளம். வெள்ளரியா என்றால் வெள்ளரி இல்லை. பீர்க்கா என்றால் அதுவும் இல்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு கடையில் அதே மாதிரி ஏதோ அடுக்கியிருந்தது. கடைக்காரர் வாயைத் திறக்குமுன் அடுத்த தெருவுக்கு நடந்துவிட்டேன்.

நேற்று ஒன்றைப் பறித்தேன். பாசிப்பருப்பு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து, உன் மாதிரியே கூட்டு வைத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். செல்விக்கு ஒரு வாய் கொடுத்தேன். “நல்லா இருக்குப்பா” என்று மட்டும் சொன்னாள். பேர் எதுவும் சொல்லாமல் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். உன் பெண்தான்.

நான் தட்டைப் போட்டுக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியைச் சரியாக இழுத்துப் போட்டேன். முதல் வாயில் லேசான புளிப்பு. மென்றால் பழ வாசம் மாதிரி ஒன்று. ரொம்ப நல்ல காய், கோமதி. உருளைக்கிழங்கை விட நல்லது என்று சொல்லிவிட்டேன், போதுமா?

உனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “சுரைக்காய்.”

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அடுக்களையில் குழாய்ச் சத்தம்கூட நின்றுவிட்டது. நான் சொன்னது தப்பு என்று எனக்கே தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நீ. இந்த உலகத்தில் எத்தனையோ பேர் என்னைத் தப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷமாகச் சொன்னது நீ ஒருத்திதான். அந்தக் குரலுக்கு நான் எங்கே போவேன்?

ராத்திரி செல்வி கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள், “இப்பவாவது போன்ல பாத்துச் சொல்லட்டுமாப்பா?” வேண்டாம் என்றேன். இந்த முறை கத்தவில்லை. போன் சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். நான் என் பதிலைச் சொல்லியாகிவிட்டது. இனி உன் முறை. நீ சொல்லாதவரை ஆட்டம் நடந்துகொண்டுதானே இருக்கிறது?

இன்னொரு காயைக் கொடியிலேயே முற்ற விட்டிருக்கிறேன். விதை எடுத்து அடுத்த தையில் ஊன்றுவேன், பெட்டியில் பேர் எழுதமாட்டேன். யார் சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்வேன். வருஷா வருஷம் கூட்டு வைத்து, அதே இடத்தில் உட்கார்ந்து, சுரைக்காய் என்றே சொல்லுவேன். இது சத்தியம். சரியான பேரை உன் வாயால் கேட்கிற அன்றைக்குத்தான் தெரிந்துகொள்வேன். அவசரமில்லை. நானும் வரத்தானே வேண்டும்.

இப்படிக்கு,
தப்பாகவே சொல்லிக்கொண்டிருக்கும்
உன் புருஷன்