நான் நிமிர்ந்து பார்க்காத பெண்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டர், குடை, டிபன் டப்பா, மூன்றையும் தூக்கிக்கொண்டு ஆட்டோ. ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க் பக்கம் மரம் விழுந்து கிடக்கிறது. சுற்றிக்கொண்டு போனதில் லேட்.

நாளை புது பேட்ச். இமிக்ரேஷன், கஸ்டம்ஸ், தரை எல்லை செக்போஸ்ட் ஆட்கள், எல்லாம் கலந்து. நாலு நாள் வகுப்பு. ஆள் கடத்தும் கும்பலை கவுண்டரிலேயே எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லித்தர வேண்டும். கவுண்டரில் உட்கார்ந்து ஸ்டாம்ப் அடித்த காலம் போய் இப்போது வாயால் பிழைப்பு.

செய்ய வேண்டியது:
– புரொஜெக்டர் வயர் (மறுபடியும்!)
– நடித்துக் காட்ட சூட்கேஸ் இரண்டு, பழைய பாஸ்போர்ட்
– கேன்டீனில் சப்பாத்தி சொல்ல. போன பேட்சில் சாம்பாரைப் பார்த்து ஒருத்தர் முகம் போன போக்கு
– புது கேஸ் ஃபைலுக்கு மை பூச

மை பூசுவது என் வேலை. நிஜமான கேஸை வகுப்பில் காட்டுவதென்றால் பேர், விலாசம், பாஸ்போர்ட் நம்பர், ஸ்டாம்ப் நம்பர் எல்லாவற்றையும் ஒரு நகலில் கறுப்பு மார்க்கரால் மறைத்து, அதை ஜெராக்ஸ் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். படம் இருந்தால் முதலில் கண்ணை மறைப்பேன். கண்ணை மறைத்துவிட்டால் அது கேஸ். மறைக்காவிட்டால் யாரோ ஒருத்தர் வீட்டுப் பெண். வேலை ஓடாது.

புது ஃபைல்: நந்தினி, போகும்போது வயது 19. இதே ஊர், நீலசந்திரா. பாஸ்போர்ட்டில் 24 என்று போட்டிருக்கிறது. மூன்று வருஷம் முன்னால் டூரிஸ்ட் விசாவில் கல்ஃபுக்குப் போனவள். கூட ஒரு "சித்தி". போய் இறங்கி ஒரே ஒரு தடவை அம்மாவுக்கு போன். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அந்தச் சித்தி போன வருஷம் வேறொரு கேஸில் மாட்டி, இப்படிப் பல பெண்களைக் கூட்டிப்போனதை ஒப்புக்கொண்டதில் பழைய ஃபைல் வெளியே வந்திருக்கிறது. அவளிடம் சிக்கிய நந்தினியின் பாஸ்போர்ட்டில் கிளம்பிப்போன ஸ்டாம்ப் இருக்கிறது. திரும்பி வந்த பதிவு எங்கேயும் இல்லை.

படத்தில் கண்ணை மறைத்தேன். பேரை மறைத்தேன். ஸ்டாம்பில் இருக்கும் ஆபீசர் நம்பரை மறைக்கப் போனேன்.

என் நம்பர்.

மூன்று தடவை பார்த்தேன். மார்க்கரை அழுத்தி மறைத்தேன். பேப்பர் கிழிகிற அளவுக்கு.

மதியம் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறக்காமல் கொண்டுவந்ததற்கு என் வீட்டுக்காரர் டேவிட், "என்ன, நான் சமைச்சதுன்னு தெரிஞ்சுபோச்சா?" என்றார். தலைவலி என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை, வெயிலும் இல்லை. புரொஜெக்டர் வயர் கிடைத்தது.

முதல் நாள் எப்போதும் கலகலப்பு. ஒருத்தர் கடத்தல்காரர், ஒருத்தர் பயணி, ஒருத்தர் ஆபீசர். செக்போஸ்டிலிருந்து வந்த பெரிய மீசைக்காரர் கடத்தப்பட்ட பெண்ணாக நடித்தார். துப்பட்டாவெல்லாம் போட்டுக்கொண்டு. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, எனக்கும்தான்.

டீக்கு அப்புறம் நந்தினி ஃபைலில் இருந்த ஏர்போர்ட் கேமராப் படம். அம்மாக்காரி பத்தே நாளில் போலீசுக்குப் போயிருக்கிறாள், அதனால்தான் கேமராப் பதிவு அழியாமல் இந்த ஒரு படமாவது தப்பித்தது. மேஜர் பெண், தானாகப் போயிருக்கிறாள் என்று அவர்கள் ஃபைலை மூடிவிட்டார்கள். ஆபீசரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

படம் மேலிருந்து எடுத்தது. கவுண்டர். சித்தி கையில் இரண்டு பாஸ்போர்ட். பக்கத்தில் பெண், கண்ணில் கறுப்புப் பட்டை. உள்ளே ஆபீசரின் உச்சந்தலை, கொண்டை, கிளிப். முகம் இல்லை. "என்னென்ன தப்பு, சொல்லுங்க" என்றேன். வகுப்பு சொன்னது:
– இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே கையில்
– ஒவ்வொருவராகக் கூப்பிடாமல் சேர்த்து நிற்கவைத்தது
– பெண்ணிடம் கைப்பை கூட இல்லை
– செருப்பில் விலைச் சீட்டு கிழிக்கவில்லை (இது எனக்கே தெரியவில்லை)

பாலக்காட்டுக்காரர் ஒருத்தர், சுதீர், பின்வரிசை. தமிழ் நன்றாகவே வருகிறது. "மேடம், ஆபீசர் தலையே தூக்கல" என்றார்.

"கரெக்ட்" என்று போர்டில் எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

சேர்த்துக் கூப்பிடுவது என் பழக்கம். வரிசை நீளமாக இருந்தால், "ஃபேமிலியா? சேர்ந்தே வாங்க" என்பேன். குழந்தைகுட்டியோடு நிற்கிறார்களே என்று. பாஸ்போர்ட் எல்லாம் ஒரே கையிலிருந்து வாங்கிக்கொண்டால் சரசரவென்று போகும். அதற்காக என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள்.

அந்தப் பெண் ஞாபகத்திலேயே இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். சித்தி தமிழில் பேசியிருப்பாள். அப்போது எனக்கு வெளியூர் ஏர்போர்ட்டில் வேலை, அங்கே தமிழ் கேட்டால் மனசு இளகிவிடும், ஊர் எது என்று கேட்டிருப்பேன், சித்தியையே கேட்டிருப்பேன். எல்லாம் இருப்பேன், இருப்பேன்தான். ஒன்றும் ஞாபகம் இல்லை.

ஜூலை 9, புதன்

பால்காரர் வரவில்லை. டேவிட்டுக்கு பி.பி. மாத்திரை வாங்க வேண்டும். பிரேசர் டவுன் டெய்லர் பிளவுஸைக் கெடுத்துவிட்டார், கை இறுக்கம்.

இன்றைய வகுப்பு கும்பல் எப்படி வேலை செய்கிறது என்பது. ஆள் பிடிப்பவர், பேப்பர் தயார் செய்பவர், கூட்டிப்போகிறவர், அங்கே வாங்கிக்கொள்கிறவர். போர்டில் வட்டம் வட்டமாகப் போட்டு அம்பு போட்டேன். ஆபீசருக்கு ஒரு வட்டம் போட இடம் இருந்தது. போடவில்லை.

மதியம் ராவ் சாரிடம் சொல்லிவிட்டேன். பயிற்சி மையத்துக்குத் தலைவர், நல்ல மனுஷர். கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஹோக்லி பிடி, விடுங்க மேடம்" என்றார். "ஒரு ஷிஃப்ட்ல எத்தனை பேர் போறாங்க. எனக்கும் ஆகியிருக்கும், யாரிகெ கொத்து, யாருக்குத் தெரியும்? எழுத்துல ஏதும் கொடுக்காதீங்க. ரிட்டையர்மென்ட்டுக்கு இன்னும் எவ்வளவு?"

"ரெண்டு வருஷம் சார்."

"ஆமேல பாக்கலாம்" என்றார். அப்புறம் பார்க்கலாமாம்.

கிளம்பும்போது, "நாளைக்கு அந்தப் பெண்ணோட தாயி வர்றாங்க. ஷாஹீன் கூட்டிட்டு வர்றா. அவங்களுக்குத் தமிழ்தான். நீங்கதான் டிரான்ஸ்லேட் பண்ணணும், வேற யாரும் இல்ல" என்றார். ஷாஹீன், காணாமல்போன பெண்களுக்காக ஓடியாடும் தொண்டு நிறுவனத்துப் பெண். நான்தான் போன மாதம், வகுப்புக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டி வா என்று கேட்டிருந்தேன். யாரை என்று அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்து ஹாலில் இருந்த "விரைவான சேவை" ஷீல்டைக் கழற்றி பீரோ மேல் போட்டேன். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம். டேவிட் அதைப் பார்த்துவிட்டு காபி போடப் போனார். கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஜூலை 10, வியாழன்

நல்ல மழை. எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சரோஜா. என்னைவிடச் சின்னவள், பார்த்தால் அப்படித் தெரியாது. ஆஸ்டின் டவுனில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். ஒரு வீட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாளாம். நல்ல புடவை, நனைந்த கரை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். யூனிஃபார்மைப் பார்த்தால் எழுந்து எழுந்து நின்றாள். பக்கத்தில் நான், மைக்கோடு.

அவள் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில்.

"பியூட்டி பார்லர் வேலைன்னு சொல்லுச்சு அந்தம்மா. நம்ம ஜனம்தான், தெருவுல எல்லாருக்கும் பழக்கம். எம் பொண்ணுக்கு மெஹந்தி போட நல்லா வரும்."

சொன்னேன்.

"ஏர்போர்ட்டு வரைக்கும் நான் போவல மேடம். அது வேற ஊருல. டிரெயின் ஏத்தி உட்டேன். கைய ஆட்டுனா. அவ்ளோதான்."

சொன்னேன்.

"எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அங்க பெரிய ஆபீசருங்கல்லாம் இருப்பாங்க, தப்பா இருந்தா உடமாட்டாங்கன்னு தைரியமா இருந்தேன். ஸ்டாம்ப் அடிச்சவங்க, எம் பொண்ண பாத்து, நீ எங்கம்மா போறேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும். அதுக்குப் பொய் வராது மேடம். சின்னதுலருந்தே வராது. உடனே அழுதுடும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "She had faith in the system." அவ்வளவுதான். அத்தனையையும் முழுங்கிவிட்டு அவ்வளவுதான். வகுப்பு தலையாட்டியது. பின்வரிசையில் சுதீர் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

சரோஜா எனக்குக் கைகூப்பினாள். "நல்லா சொன்னீங்க மேடம், எல்லாரும் அமைதியா கேட்டாங்க" என்றாள்.

டீ நேரத்தில் சுதீர். தயங்கித் தயங்கி. "மேடம், ஒரு வரி விட்டுப்போச்சு."

"தெரியும்" என்றேன், வெடுக்கென்று. அவர் போய்விட்டார். வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இவ்வளவு வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை.

டேவிட்டிடம் எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாகிட்ட சொல்லிடு. ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்களோ பண்ணட்டும்" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

மழை வெறித்துவிட்டது. ஸ்வெட்டர் வேண்டியிருக்கவில்லை.

கடைசி நாள். மை பூசாத பக்கத்தை புரொஜெக்டரில் போட்டேன். ஸ்டாம்ப் மட்டும், பெரிதாக. "இந்த நம்பர் என்னுடையது" என்றேன். புரியாமல் பார்த்தார்கள். இரண்டாவது தடவை சொன்னபோது புரிந்தது. மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

நேற்று விட்ட வரியைச் சொன்னேன். முதலில் தமிழில், அவள் சொன்ன மாதிரியே. அப்புறம் இங்கிலீஷில். நடுவில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தேன். யாரும் தண்ணீர் கொடுக்க எழுந்து வரவில்லை, அதுவும் நல்லதுதான்.

யாரோ கேட்டார்கள், "மேடம், நீங்க கேட்டிருந்தா பிடிச்சிருக்க முடியுமா?" தெரியாது என்றேன். கேட்டால்தானே தெரியும்.

ராவ் சார் சர்டிபிகேட் கொடுத்து முடிக்கும் வரை என்னிடம் பேசவில்லை. பிறகு வராந்தாவில், "ஏன் மேடம்?" மட்டும். அவருக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம், பாவம். எழுத்தில் கொடுத்துவிட்டேன், ஒரு பக்கம். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சுதீர் கடைசியாகத்தான் கிளம்பினார். என் சூட்கேஸ் இரண்டையும் ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார்.

படத்தின் ஒரிஜினல் ஃபைலில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஜெராக்ஸ் எடுத்தேன், பட்டை இல்லாதது. விதிப்படி தப்பு. பார்க்காமலே மடித்துக் கவரில் போட்டேன்.

ஜூலை 12, சனி

வெயில். காலை பத்தரைக்கு நீலசந்திரா. ஷாஹீன் வழி சொன்னாள்: பெரிய சாக்கடைப் பாலம், கோழிக் கடை, பச்சை கேட். சந்தில் ஆட்டோ நுழையாது. டேவிட் கடை ஓரமாக நின்றுகொண்டார்.

சரோஜா துணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். "மேடம், நீங்களா!" முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். டீ போடப் போனாள். வேண்டாம் என்றேன், உட்காருங்கள் என்றேன். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். ஸ்டாம்ப் அடித்தது நான். உங்கள் பொண்ணை ஒரு வார்த்தை கேட்காதது நான். வியாழக்கிழமை நீங்கள் சொன்னதை மறைத்ததும் நான்.

அடிப்பாள், கத்துவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி ஏதாவது செய்தால் தேவலை என்றிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் வருமாம். குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஐந்து குடம். டிரம் நிரம்பியதும் மூடி போட்டாள், கையைத் துடைத்தாள்.

"அப்ப இங்கருந்து கடசியா பாத்தது நீங்கதான்" என்றாள்.

"ஆமாம்மா."

"எப்டி இருந்தா? அழுதாளா? பச்ச சுடிதார் போட்டுனு போனா, அதான் போட்டிருந்தாளா? தல பின்னியிருந்துச்சா?"

கோபமே இல்லை. ஆசையாகக் கேட்டாள். ஊருக்குப் போய்வந்தவரிடம் கேட்கிற மாதிரி. ஒரு பொய் சொல்லிவிடலாம் போலிருந்தது. பச்சை சுடிதார், தலை பின்னி, சிரித்த முகம். நாக்கு நுனி வரை வந்தது.

"ஞாபகம் இல்லம்மா. நான் பாக்கவே இல்ல" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

கவரை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சம் போதவில்லை என்று வாசலுக்குக் கொண்டுபோனாள். ஈரக் கையை மறுபடி துடைத்துக்கொண்டு, விரலால் தொடாமல், ஓரத்தை மட்டும் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம். நானும் அப்போதுதான் பட்டை இல்லாமல் நன்றாகப் பார்த்தேன்.

"இது யாரு, குனிஞ்சினு?"

"நான்தான்."

"உங்களத்தான் பாத்துனு இருக்கா" என்றாள்.